யாருக்குப் பொருந்தாத ஆய்வு?

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்கு ஏறும் சாலையில், கொண்டை ஊசி வளைவுகளுக்கு முன்னதாக வருகிறது கல்லாறு. (மேட்டுப்பாளையத்தை அடுத்த கல்லாறு வேறு.) அங்குள்ள காட்டுக்குள் காணி பழங்குடியினர் குடியிருப்பில் வாழும் லட்சுமிக்குட்டி அம்மாவுக்கு 2018இல் ஒன்றிய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. எட்டாம் வகுப்பு வரை பள்ளிக்குச் சென்ற அந்த மூதாட்டி, சுமார் ஐந்நூறு மருந்துகளை ஏட்டின் துணையின்றி நினைவிலிருந்தே சொல்லக்கூடியவர். நஞ்சுமுறிவு மருத்துவத்தில் பெயர் பெற்றவர்.

அதற்கு அடுத்த ஆண்டு, 2019 மார்ச் மாதத்தில், காசர்கோட்டில் உள்ள கேரள மத்தியப் பல்கலைக்கழகம் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. முனைவர் பட்ட ஆய்வுகள் ‘தேச முன்னுரிமை’களுக்கு ஏற்ப அமைய வேண்டும், துறைகள் தலைப்புப் பட்டியலைத் தயாரிக்க வேண்டும், மாணவர்கள் அதிலிருந்து தேர்ந்துகொள்ள வேண்டும், ‘பொருந்தாத’ துறைகளில் ஆய்வை ஊக்குவிக்கலாகாது என்பது அதன் சாரம். 2018 டிசம்பரில் ஒன்றிய மனிதவள அமைச்சகம் கூட்டிய துணைவேந்தர் கூட்டத்தின் முடிவு என்று அதில் சுட்டப்பட்டிருந்தது. கேரளப் பல்கலைக்கழகப் பேராசிரியர் மீனா டி. பிள்ளை, அந்த மத்தியப் பல்கலைக்கழகத்தின் பாடக்குழு உறுப்பினர் பொறுப்பிலிருந்து விலகித் தமது எதிர்ப்பைத் தெரிவித்தார்.

ஒரு கையால் பழங்குடி மூதாட்டிக்குப் பதக்கம். மறு கையால் ஆய்வுக்குத் தணிக்கை. இவ்விரண்டும் எவ்வாறு பொருந்துகின்றன என்பதைக் காணி மக்களின் அனுபவத்தைக் கொண்டே விளக்க முடியும்.

1987 டிசம்பரில் அகத்தியமலைக் காடுகளில் ஆய்வுப் பயணம் மேற்கொண்ட தாவரவியலாளர்கள், வழிகாட்டிகளாக உடன் வந்த காணிகள் ஒரு செடியின் சிறு பழங்களைத் தின்றுகொண்டே களைப்பின்றி மலையேறுவதைக் கண்டனர். அது ஆரோக்கியப்பச்சை. அருகிலுள்ள பாலோட்டில், 1979இல் கேரள அரசு நிறுவிய வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் அச்செடியை ஆராய்ந்தது. அதன் இலையுடன் வேறு மூன்று மூலிகைகளைச் சேர்த்து ‘ஜீவனி’ என்னும் மருந்தை உருவாக்கி, கோயம்புத்தூரைச் சேர்ந்த ஆயுர்வேத நிறுவனத்துக்கு உரிமம் அளித்தது. உரிமத் தொகை 10 லட்சம் ரூபாய். விற்பனையில் 2 சதவீதம் உரிமைப்பங்கு. இவற்றில் பாதி காணி மக்களுக்கு என முடிவாயிற்று. 1997இல் அதற்கென ஓர் அறக்கட்டளையும் பதிவு செய்யப்பட்டது. பழங்குடி அறிவுக்குப் பங்கு தந்த உலகின் முதல் முயற்சிகளுள் ஒன்றாக இது பல நாடுகளிலும் பேசப்பட்டது. பேசப்படத் தகுந்ததுதான், பொதுத்துறை ஆய்வு நிறுவனம் ஒன்றுக்கே அத்தகைய எண்ணம் தோன்றியது என்பதைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை.

ஆனால் திட்டம் தடுமாறியது. எங்கே? வேதியியலில் அல்ல. செடி காப்புக்காட்டில் வளர்வது. காட்டு நிழலுக்கு வெளியே பயிரிட்டால் அதன் குணம் குன்றுகிறது. காட்டுக்குள் காணிகள் பயிரிட்டு இலையை விற்பதற்கோ வனத்துறை தடை விதித்தது. தம் முன்னோர் அறிந்த இலையைத் தாமே பறித்தால் குற்றவாளிகள் என்ற நிலைக்குக் காணிகள் தள்ளப்பட்டனர். திருவிதாங்கூர் மன்னராட்சி 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காட்டைத் தன் உடைமையாக்கிய வரலாற்றை அறியாமல் இந்தத் தடையைப் புரிந்துகொள்ள இயலாது. பின்னர் ‘ஜீவனி’ என்ற பெயரையே அமெரிக்க நிறுவனம் ஒன்று அந்நாட்டில் வணிகச்சின்னமாகப் பதிவு செய்துகொண்டது. அதைத் தடுக்கும் சட்டக் காப்பு அங்கே பெறப்பட்டிருக்கவில்லை. மருந்துக்கு வேண்டிய அறிவியல் கைவசம் இருந்தது. மக்களுக்கு வேண்டிய சட்டவியல், பொருளியல், மானிடவியல், வரலாறு ஆகியவை ஆய்வுக்கூடத்தின் வாசலுக்கு வெளியே நின்றன. ‘பொருந்தாத’ ஆய்வு என்று இன்று ஒதுக்கப்படுபவை பெரும்பாலும் இவையே.

மொழியியலையும் இங்கே சேர்க்க வேண்டும். பாபநாசத்திலும் பேச்சிப்பாறையிலும் வாழும் காணிகள் தமிழ்நாட்டுக் குடிமக்கள். மலைமுகட்டுக்கு மேற்கே வாழும் அவர்களது உறவினர் கேரளக் குடிமக்கள். தமிழும் மலையாளமும் கலந்த அவர்களது பேச்சில்தான் செடிகளின் பெயர்களும் பயன்களும் தங்கியிருக்கின்றன. அந்தப் பேச்சைப் பதிவு செய்ய ஒரு மாணவி விண்ணப்பித்தால், அமைச்சகத்தின் எந்த முன்னுரிமைப் பட்டியலில் அவளுக்கு இடம் கிடைக்கும்?

பட்டியலைத் தீர்மானிப்பது பணம். 2023இல் நிறைவேறிய அனுசந்தான் தேசிய ஆய்வு நிறுவனச் சட்டத்தின்போது, ஐந்தாண்டுகளில் 50,000 கோடி ரூபாய் என்று பெருமை பேசப்பட்டது. அதில் 36,000 கோடி தொழில் நிறுவனங்களும் பிறரும் தரவேண்டிய தொகை. தனியார் தந்தால்தான் உண்டு. நாட்டின் மொத்த உற்பத்தியில் ஆய்வுக்குச் செலவாவது 0.64 சதவீதம். அந்தச் சிறு தொகையையும் பெருக்காமல், முதலாளிகளின் பையை நம்பி ஆய்வுத் திசையை ஒப்படைப்பவர்கள், காணிகளின் நில உரிமையை ஆராய எந்த மருந்து நிறுவனம் பணம் தரும் என்று சொல்ல வேண்டும். சிறுபான்மையின மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகையை 2022இல் நிறுத்தியதும் இதே அரசுதான்.

‘இந்திய அறிவு மரபு’ என்ற முழக்கம் இதற்கு மாற்றாக முன்வைக்கப்படுகிறது. அந்த மரபில் கல்லாற்றுக்கு இடம் உண்டா என்பதை 2023ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பாதுகாப்புத் திருத்தச் சட்டம் காட்டிவிட்டது. நூல்களில் எழுதப்பட்ட மரபறிவைப் பயன்படுத்துவோருக்குப் பலன்பகிர்வுக் கடமையிலிருந்து அச்சட்டம் விலக்களித்தது. சட்டமீறலுக்கான சிறைத் தண்டனையையும் நீக்கியது. நினைவில் வாழும் அறிவு ஏதாவதொரு பழைய ஏட்டிலும் இருக்கிறது என்று காட்டிவிட்டால், நிறுவனம் எவருக்கும் எதுவும் தரவேண்டியதில்லை என்னும் வாசல் இதனால் திறக்கிறது. இடையில் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பல்லுயிர் சார்ந்த மரபறிவின் மீது சமூகத்துக்கு உள்ள உரிமையைத் தெளிவாக ஏற்றிருந்தது. இடதுசாரிகளின் அழுத்தமின்றி அச்சட்டம் வந்திருக்காது.

இவ்விடத்தில் நம் அணிகளுக்குள்ளும் ஒரு கணக்கைத் தீர்க்க வேண்டியுள்ளது. நாட்டுப்புற அறிவை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவோரும், சோதனைக்கு உட்படுத்தாமலே போற்றுவோரும் முற்போக்காளர்களிடையே உண்டு. முன்னவர் ஆரோக்கியப்பச்சையைக் கண்டிருக்கவே மாட்டார்கள். பின்னவர் அதைச் சோதித்திருக்க மாட்டார்கள். சோதனைக்கூடமும் வேண்டும், செடியை அறிந்தவருக்கு ஆய்வில் குரலும் வேண்டும். வனத்துறையின் பழைய மன்னர்காலப் பார்வை, கேரளத்தில் இடதுசாரிகள் ஆண்ட ஆண்டுகளிலும் முற்றாக மாறிவிடவில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

2008இல் தொடங்கப்பட்ட திருவனந்தபுரம் அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தின் வளாகம் இன்று விதுராவில் நிற்கிறது. கல்லாறு அங்கிருந்து சிறிது தொலைவுதான். அந்த விதுராவையும் அடுத்துள்ள பெரிங்கம்மலையையும் சேர்ந்த காணி மருத்துவர்கள் ஒன்பது பேர் 1995 செப்டம்பரில் கேரள முதலமைச்சருக்கு ஒரு கடிதம் எழுதினர். தங்கள் அறிவைத் தனியார் நிறுவனங்களுக்கு விற்பதை அவர்கள் அதில் எதிர்த்தனர். வழிகாட்டிகள் சிலரிடம் கேட்டு அறிந்த ஒன்று, தங்கள் சமூகம் முழுவதற்கும் உரியது என்பது அவர்களது வாதம். மருந்துக்கு உரிமம் வழங்கும் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது. ஊர்க்கூட்டம் கூட்டி, அவர்களது ஒப்புதலைக் கேட்டு, அதன்பிறகு ஆய்வைத் தொடங்கும் வழிமுறை அன்றைய திட்டத்தில் இருக்கவில்லை.