ரொய்லெட் பழுதென்றால் வாயைத் திறந்து சொல்லுங்கள்

எம்மவர் இருவர் சந்தித்தால் சீனி வருத்தம், பிறஷர், கொலஸ்ட்ரோல் பற்றிப் பேசக் கூச்சப்படுவதில்லை. யாருக்கு எத்தனை மாத்திரை என்பது மண்டபம் முழுவதற்கும் தெரியும். ஆனால் வீட்டு ரொய்லெட் இரண்டு கிழமையாக ஒழுங்காக வேலை செய்யவில்லை என்பதை மட்டும் ஒருவரும் வெளியே சொல்வதில்லை. அந்த மௌனம் உடம்பைக் கெடுக்கிறது என்பதால்தான் இதை நலவாழ்வுப் பக்கத்தில் எழுதுகிறோம்.

லண்டனில் எம்மவர் வாழும் வீடுகள் பலவற்றில் ஒரேயொரு ரொய்லெட்தான், அதுவும் மேல்மாடியில். அது பழுதாகி, ஒவ்வொரு முறையும் வாளியில் தண்ணீர் தூக்கி ஊற்ற வேண்டும் என்றால் வீட்டிலிருக்கும் அம்மம்மா என்ன செய்வார்? பிள்ளைகளுக்குக் கரைச்சல் கொடுக்கக் கூடாது என்று பின்னேரம் தொடங்கித் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக் கொள்வார். மலத்தை அடக்குவார். நீர் போவதற்கான மாத்திரையைக்கூடச் சிலர் இரகசியமாகத் தவிர்த்து விடுவார்கள். மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, தலைச்சுற்று எல்லாம் பின்னால் வரும். ஈரத்தரையில் வழுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு முறியவும் கூடும். பிறகு மருத்துவரிடம் ஓடுகிறோம். அவர் மருந்து எழுதித் தருவார். ரொய்லெட் பழுதென்று நாம் சொல்லாமல் அவருக்கு எப்படித் தெரியும்?

சில வேலைகளுக்குப் பிளம்பரே தேவையில்லை. தண்ணீர் தொடர்ந்து கசிகிறதா என்று பார்க்க, தண்ணீர்த் தொட்டிக்குள் கேசரிக்குப் போடும் கலரில் சில துளிகள் விட்டு, ஒரு மணி நேரம் எவரும் பாவிக்காமல் வையுங்கள். கோப்பைக்குள் நிறம் தெரிந்தால் உள்ளே இருக்கும் வால்வு பழுது. இப்படி ஒழுகும் ரொய்லெட் ஒரு நாளைக்கு 200 முதல் 400 லீற்றர் வரை வீணாக்கும் என்று இங்குள்ள தண்ணீர்த் துறையினர் கூறுகின்றனர். மீற்றர் உள்ள வீட்டுக்காரர் அந்தக் காசைத் தாமே கட்ட வேண்டும். தொட்டிக்குப் போகும் குழாயில் திருகாணி போன்ற ஒரு சிறு அடைப்பான் இருக்கும். கால் சுற்றுத் திருப்பினால் தண்ணீர் நிற்கும். முழு வீட்டுக்குமான அடைப்பான் பெரும்பாலும் குசினி சிங்கின் கீழே இருக்கும். வீட்டிலுள்ள எல்லோருக்கும், பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கும்கூட, அது எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும்.

அடைப்பு வந்தால் திரும்பத் திரும்பப் பிளஷ் பண்ண வேண்டாம். கொதிநீர் ஊற்றவும் வேண்டாம், கோப்பை வெடிக்கும். அதைவிட ஆபத்தான ஒரு பழக்கம் உண்டு. லண்டன் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம் என்பதால் அந்தப் படிவை நீக்க அமிலம் கலந்த திரவம் ஊற்றுவோம். அது போதாதென்று அதன்மேலே பிளீச்சையும் ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். யன்னல் பூட்டிய சிறு அறையில் ஆஸ்துமாக்காரருக்கு அது உயிராபத்து. அடைப்பு நீக்கும் இரசாயனம் எதையாவது ஊற்றியிருந்தால், வரும் பிளம்பரிடம் முதலிலேயே சொல்லி விடுங்கள். அவருடைய கண்ணிலும் கையிலும்தான் அது தெறிக்கும்.

கழுவும் குழல் பற்றியும் சொல்லியாக வேண்டும். கடதாசி மட்டும் எமக்குச் சரிவராது, அதில் வாதம் இல்லை. ஆனால் கோப்பைக்குள் எட்டக்கூடிய கைக்குழலைப் பிரதான குழாயில் நேரடியாகப் பொருத்துவதை 1999 ஆம் ஆண்டின் தண்ணீர்ப் பொருத்துகள் விதிகள் அனுமதிப்பதில்லை. வீதியில் தண்ணீர் அழுத்தம் திடீரென விழுந்தால் குழல் வழியே அழுக்குத் தண்ணீர் பின்னோக்கி உறிஞ்சப்பட்டு, குடிதண்ணீரில் கலந்துவிடலாம். இடைவெளியுள்ள தனித் தொட்டியிலிருந்து குழலுக்குத் தண்ணீர் எடுக்க வேண்டும். தண்ணீர்க் கம்பனிக்கும் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். இதெல்லாம் வேண்டாம் என்பவர்களுக்கு ஊர்ப் பழக்கமான வாளியும் பேணியும் இருக்கவே இருக்கின்றன.

இனிப் பிளம்பர் விடயம். இந்நாட்டில் எவரும் தன்னைப் பிளம்பர் என்று சொல்லிக் கொள்ளலாம், சட்டம் தடுப்பதில்லை. பொயிலருக்குக் கேஸ் சேஃப் பதிவு கட்டாயம், ரொய்லெட்டுக்கு அப்படி ஒன்றும் இல்லை. அதனால்தான் "தெரிந்த பொடியன்" என்று அழைக்கிறோம். தெரிந்த பொடியன் கெட்டிக்காரனாகவும் இருக்கலாம். ஆனால் காப்புறுதியும் பற்றுச்சீட்டும் இல்லாமல் செய்த வேலையால் கீழ்வீட்டுக் கூரை நனைந்தால் யாரிடம் போவது? தண்ணீர்க் கம்பனிகளின் ஆதரவுடன் நடக்கும் வோட்டர்சேஃப் பதிவேட்டில் உங்கள் பகுதிப் பிளம்பர்களைக் காசில்லாமல் தேடலாம். அழைக்கும்போதே கேளுங்கள்: வந்து பார்க்கக் கட்டணம் உண்டா, மணிக்கணக்கா அரைமணிக் கணக்கா, வற் சேர்த்தா, சாமான் புறம்பா? பதிலை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். விலை பேசாமல் வேலை நடந்திருந்தாலும் நியாயமான தொகைதான் கொடுக்க வேண்டும் என்கிறது 2015 ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம்.

பிளம்பருக்குக் காசு கொடுக்க முன் வெளியே உள்ள மூடியைத் திறந்து பாருங்கள். அங்கும் நிரம்பி நின்றால் அடைப்பு வீட்டுக்குள் இல்லை. 2011 ஒக்ரோபர் 1 முதல், இங்கிலாந்திலும் வேல்ஸிலும், அயலவருடன் பகிரும் கழிவுக்குழாய்களில் பெரும்பாலானவையும், வீட்டு எல்லைக்கு வெளியே செல்லும் குழாயும் கழிவுநீர்க் கம்பனியின் பொறுப்பு. நிரை வீடுகளில் பகிரும் குழாய்தான் அதிகம். பொதுவாக இலவசமாகவே வந்து திருத்துவார்கள். ஆனால் அடைப்பதை நாமே அடைக்கிறோம் என்பதும் உண்மை. 2017 இல் வைற்சப்பல் வீதியின் கீழ் 250 மீற்றர் நீளம், 130 தொன் எடையில் ஒரு கொழுப்புக் கட்டி கண்டுபிடித்தார்கள். எண்ணெயும் ஈரத்துடைப்பான்களும்தான். பொரித்த எண்ணெயை ஆறவைத்துப் போத்தலில் ஊற்றிக் குப்பையில் போடுங்கள்.

கடைசியாக, வாடகை வீடுகள். 1985 ஆம் ஆண்டின் வீட்டு உரிமையாளர், வாடகையாளர் சட்டத்தின் 11 ஆம் பிரிவின்படி ரொய்லெட்டைத் திருத்தி இயங்கும் நிலையில் வைத்திருப்பது உரிமையாளரின் கடமை. உரிமையாளரும் தமிழர், வாடகைக்கு இருப்பவரும் தமிழர் என்றால் அந்தச் சட்டம் இல்லாமல் போவதில்லை. விசா அலுவலில் நிற்கும் பிள்ளைகள் அறையை விட்டு அனுப்பி விடுவார்களோ என்ற பயத்தில் பக்கத்துக் கடைக்கும் நூலகத்துக்கும் ஓடுவதை நாம் அறிவோம். ஒருவரிடம் வாடகையை முதலாம் திகதி பிந்தாமல் வாங்கத் தெரிந்தவருக்குப் பிளம்பரை அடுத்த நாளே அனுப்பவும் தெரிய வேண்டும். வாடகைக்கு இருப்பவர்கள் படம் எடுத்து, திகதியிட்டு, எழுத்தில் அறிவியுங்கள். திருத்தாவிட்டால் உங்கள் கவுன்சிலின் சுற்றாடல் சுகாதாரப் பிரிவுக்கு முறையிடலாம். கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதச் சிரமம் என்றால் சங்க அலுவலகத்துக்கு வாருங்கள், சேர்ந்திருந்து எழுதுவோம்.