உண்டியல் கேட்காத கேள்வி



ஆடி பிறந்துவிட்டால் சேலம் மாநகரின் முகமே கோட்டை மாரியம்மன் வாசற்பக்கம் திரும்பிவிடும். அம்மாப்பேட்டைத் தறிக்காரர் வருவார். செவ்வாய்ப்பேட்டை மண்டியில் மூட்டை தூக்குவோர் வருவர். சேகோ ஆலையில் கிழங்குத் தோல் உரிக்கும் தாய் வருவாள். முந்தானை முடிச்சை அவிழ்ப்பாள். நான்காக மடித்த பத்து ரூபாய் நோட்டு உண்டியலின் வாய்க்குள் போகும். அவள் யார், எவ்வூர், அந்தப் பத்து ரூபாய் எங்ஙனம் வந்தது என்று உண்டியல் கேட்பதில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை. காய்ப்பேறிய அவள் உள்ளங்கையைப் பார்த்தால் போதும். கணக்கு அங்கே எழுதியிருக்கிறது.

அந்தத் தாயின் நம்பிக்கையை எள்ளி நகையாட இன்று எழுதுகோல் எடுத்தேனில்லை. பகுத்தறிவு வாதத்துக்கு வேறு ஞாயிறு உண்டு. நான் பேச வந்தது, அவளுக்குப் பின்னே வரிசையில் நில்லாமல், பக்கவாட்டுக் கதவு வழியே வந்து, கட்டுக்கட்டாகப் போட்டுவிட்டுப் போகிறதே மற்றொரு கை, அதைப் பற்றி. அந்தக் கையையும் உண்டியல் எதுவும் கேட்பதில்லையே! அங்கேதான் வம்பு பிறக்கிறது.

சேலம், நாமக்கல் சமவெளி உழைப்புக்குப் பேர்போன மண். நாமக்கல்லில் லாரியும் கோழிப்பண்ணையும், திருச்செங்கோட்டில் நாடெங்கும் போய்க் கிணறு துளைக்கும் ரிக் வண்டிகள், ஆத்தூர் பக்கம் சவ்வரிசி, இளம்பிள்ளையில் சேலை. மானமாய் உழைத்து மானமாய்ப் பிழைக்கும் மக்கள். ஆயினும், ரொக்கம் புரளும் இடத்தில் பில் இல்லாத பணமும் புரளும். இதை நான் சொல்லித்தான் தெரியவேண்டும் என்பதில்லை. ஏட்டில் ஒரு விலை, கையில் ஒரு விலை என்று நிலம் கைமாறுவதைப் பத்திரப் பதிவு அலுவலக வாசலில் தேநீர் குடித்தவர் எவரும் அறிவர். அப்படித் திரண்ட பணம் என்றைக்காவது ஒருநாள் வெயிலுக்கு வந்தாக வேண்டும். வீடு கட்ட வேண்டும், மகளுக்கு மணம் முடிக்க வேண்டும், மகனைக் கல்லூரியில் சேர்க்க வேண்டும். எங்கிருந்து வந்தது என்று ஒருவன் கேட்பானே! கேட்கும்போது காட்டுவதற்கு ஒரு சீட்டு வேண்டும்.

சில திங்களுக்கு முன் நாமக்கல்லில் ஒரு தோழர் என்னைக் கேட்டார்: “ஐயா, கறுப்பை வெளுப்பது என்கிறார்களே, கோயிலில் அது எப்படி நடக்கும்? உண்டியலில் போட்டால் போட்டதுதானே, போட்டவனுக்குத் திரும்பவா வரும்?” நல்ல கேள்வி. ஊர்க்கோயிலாக இருந்தால் திரும்ப வராது. போட்டவனுடைய கோயிலாகவே இருந்தால்?

கற்பனையாக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நெடுஞ்சாலை ஓரம் ஒருவருக்குச் சொந்த நிலம். அதில் ஒரு கோயில் எழும்புகிறது. அறக்கட்டளைப் பத்திரம் எழுதப்படுகிறது. தலைவர் அவர், செயலாளர் மகன், பொருளாளர் மருமகன். உண்டியல் வைப்பதும் அவர், திறப்பதும் அவர், எண்ணுவதும் அவர் வீட்டுக் கணக்கப்பிள்ளை. அவருடைய பில் இல்லாத பணமே இரவில் உண்டியலுக்குள் போகிறது. காலையில் ‘பக்தர் காணிக்கை’ என்ற திருநாமம் பூண்டு வங்கிக்குப் போகிறது. இப்போது அது நீறு பூசிய பணம்! அடுத்து அறக்கட்டளை ஒரு திருமண மண்டபம் கட்டும். ஒப்பந்தம் மைத்துனருக்கு. அறுபது இலட்சத்தில் முடியும் வேலைக்கு ஒரு கோடிக்குப் பில். மிச்ச நாற்பது இலட்சம் சுற்றி வளைத்து வீட்டுக்கு வந்து சேரும். இம்முறை சீட்டோடு வரும். சாமிக்கு மிஞ்சியது ஒரு கற்பூரத் தட்டு.

சட்டம் என்ன செய்கிறது என்பீர்கள். 2006-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தில் 115பிபிசி என்றொரு பிரிவைச் சேர்த்தது. கொடுத்தவரின் பேரும் முகவரியும் எழுதி வைக்காத நன்கொடைக்கு, ஒரு வரம்புக்கு மேல் நூற்றுக்கு முப்பது வரி என்றது அது. பள்ளிக்கூடம் நடத்தும் அறக்கட்டளையானாலும், மருத்துவமனை நடத்தும் அறக்கட்டளையானாலும் பேர் எழுதாவிட்டால் கப்பம் கட்டு! ஆனால் முழுக்க முழுக்கச் சமயப் பணிக்கென அமைந்த அறக்கட்டளைக்கு மட்டும் விலக்கு. கண்பார்வையற்றோர் பள்ளி வாங்கும் பேரில்லா நன்கொடை ஐயத்துக்குரியது. சாமியார் மடம் வாங்கும் பேரில்லாக் காணிக்கை புனிதமானது. 2025-இல் வருமான வரிச் சட்டத்தையே புதிதாக எழுதினார்கள். அப்போதும் இந்த விலக்கை அசைக்கவில்லை.

பத்து ரூபாய் போடும் தாயிடம் முகவரி கேட்க முடியாது என்பது இந்த விலக்குக்குச் சொல்லப்படும் நியாயம். உண்மைதான், முடியாது, கூடாது. ஆனால் அவள் முந்தானைக்குப் பின்னே ஒளிந்துகொண்டு போகிறவனை ஏன் விடவேண்டும்? 2023 மார்ச்சில் பண வெளுப்புத் தடுப்புச் சட்டத்தின் விதிகளை ஒன்றிய அரசு திருத்தியது. சமய அறக்கட்டளைகளையும் இலாப நோக்கற்ற அமைப்பு என்ற வரையறைக்குள் தெளிவாகக் கொணர்ந்தது. அவற்றின் விவரத்தை நிதி ஆயோக்கின் தர்ப்பண் பதிவேட்டில் ஏற்றும் பொறுப்பை வங்கிகள் மீது சுமத்தியது. நல்லதே. ஆனால் வங்கி வாசலில் நிற்கும் காவலனுக்கு உண்டியலின் உள்ளே நடந்தது எப்படித் தெரியும்? வெளுப்பு முடிந்த பிறகுதானே துணி அவன் கண்ணில் படுகிறது!

2016 நவம்பர் 8-ஆம் நாள் இரவை நினைவுகூருங்கள். 500 ரூபாய், 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றார் பிரதமர். நாட்டு மக்கள் வங்கி வாசலில் வாடி நின்றனர். அதே வாரத்தில் வேலூர் சலகண்டேசுவரர் கோயில் உண்டியலில் 44 இலட்சம் ரூபாய் பழைய நோட்டாகவே விழுந்தது என்று செய்தி வந்தது. திடீரென்று பெருகிய பக்தியா அது? கெடு முடிந்த பின்னும் திருப்பதி உண்டியலில் செல்லா நோட்டு விழுந்துகொண்டே இருந்தது. சுமார் 50 கோடி ரூபாய் அளவுக்குத் தேங்கிப்போனதை மாற்றித் தரும்படி 2020-இல் தேவஸ்தானத் தலைவர் ஒன்றிய நிதியமைச்சரிடம் முறையிட வேண்டியதாயிற்று. சட்டம் செல்லாக்காசு என்று தள்ளியதும் சாமி ஏற்றுக்கொள்ளும் என்று இவர்களுக்கு யார் சொன்னார்கள்?

2019 அக்டோபரில் நடந்தது இன்னும் பெரிது. ஆந்திர எல்லை வரதய்யபாளையத்தில் தலைமையிடம் கொண்ட கல்கி பகவான் ஆசிரமக் குழுமத்தில், சென்னை உள்ளிட்ட பல ஊர்களில், வருமான வரித்துறை புகுந்தது. 43 கோடியே 90 இலட்சம் ரூபாய் ரொக்கம், 25 இலட்சம் அமெரிக்க டாலர், 88 கிலோ தங்க நகை, மூட்டை கட்டிய வைரம். கணக்கில் வராத வருவாய் 500 கோடிக்கு மேல் என்றது துறை. ஞானம் போதிக்கும் வகுப்புக்கு வாங்கிய கட்டணத்தில் ஒரு பகுதி ஏட்டில் ஏறவில்லை, நில விற்பனையில் ஒரு பகுதி ஏறவில்லை, வெளிநாட்டுக் கம்பெனிகளில் முதலீடு இருக்கிறது என்பன அதன் குற்றச்சாட்டுகள். துறவுக்கு டாலர் எதற்கு என்று கேட்பவன் நாத்திகன். போகட்டும், அந்தப் பட்டம் நமக்குப் புதிதன்று.

இந்து சமயத்தை மட்டுமே குறிவைக்கிறார்கள் என்று கூக்குரல் எழும் என்பது தெரியும். 2021 சனவரியில் ‘இயேசு அழைக்கிறார்’ நிறுவனத்தின் இடங்களிலும் இதே வருமான வரித்துறை சோதனை போட்டது. காரக்கோணம் மருத்துவக் கல்லூரி இடங்களுக்குப் பணம் வாங்கிய வழக்கில், 2022 சூலையில் தென்னிந்தியத் திருச்சபையின் தென்கேரளப் பேராயத் தலைமையகத்துக்குள் அமலாக்கத்துறை நுழைந்தது. சோதனை வேறு, தீர்ப்பு வேறு என்பதையும் மறவாமல் சொல்லி வைக்கிறேன். கடல் கடந்து போனால் வத்திக்கானே சான்று. 1982-இல் இத்தாலியின் அம்புரோசியானோ வங்கி கவிழ்ந்தது. அதன் தலைவர் கால்வி இலண்டன் பாலத்தடியில் தூக்கில் தொங்கக் காணப்பட்டார். கவிழ்ந்த வங்கியோடு வத்திக்கானின் வங்கிக்கு இருந்த உறவு அம்பலமாயிற்று. சட்டப் பொறுப்பில்லை, அறப்பொறுப்பு உண்டு என்று சொல்லி 1984-இல் ஏறத்தாழ 24 கோடி டாலர் கடன்காரர்களுக்குக் கொடுத்தது திருப்பீடம். 1987-இல் அவ்வங்கித் தலைவரான பேராயரைக் கைது செய்ய இத்தாலி ஆணை பிறப்பித்தது. வத்திக்கான் மதிலுக்குள் அது செல்லாது போயிற்று. பண வெளுப்பைத் தடுக்கும் சட்டத்தை வத்திக்கான் இயற்றிக்கொண்டது 2010-இல்தான். சிலுவையானால் என்ன, சூலமானால் என்ன, பூட்டிய அறைக்குள் எண்ணப்படும் பணத்துக்கு ஒரே குணம்.

இதை நம் முன்னோர் கண்டுகொண்டனர். 1817-இல் கும்பினி ஆட்சி கோயில் மேற்பார்வையை வருவாய் வாரியத்திடம் கொடுத்தது. பிறகு பாதிரிமார் எதிர்ப்புக்கு அஞ்சிக் கையைக் கழுவியது. 1863-ஆம் ஆண்டுச் சட்டம் கோயில்களை உள்ளூர்க் குழுக்களிடம் தள்ளிவிட்டது. அப்புறம் நடந்தது கொள்ளை. அந்தக் கொள்ளைக்குத் தாழ் போடத்தான் பனகல் அரசர் 1922-இல் அறநிலைய மசோதாவைக் கொண்டுவந்தார். சனாதனிகள் சீறினர், மதம் போயிற்று என்றனர். மதம் எங்கும் போகவில்லை, கணக்குதான் வந்தது! அது 1927-இன் 2-ஆம் சட்டமாக நிலைபெற்ற நாளில் சென்னை மாகாண முதலமைச்சராக இருந்தவர் நம் திருச்செங்கோட்டுப் பக்கத்துக் குமாரமங்கலம் சுப்பராயன். அந்த நீதிக்கட்சியே 1944 ஆகஸ்டு 27-இல் நம் சேலத்தில் கூடித் திராவிடர் கழகமாயிற்று. ஆகவே, கோயில் கணக்கைக் கேட்பது நமக்கு நேற்று வந்த ஆசையன்று.

கணக்குக் கேட்டால் என்ன ஆகும்? தில்லைக் கோயிலைப் பாருங்கள். 2007-ஆம் ஆண்டு முழுமைக்கும் வருவாய் 37,199 ரூபாய், செலவு 37,000 ரூபாய், மிச்சம் 199 ரூபாய் என்று கணக்குக் காட்டினர் தீட்சிதர்கள். 2009 பிப்ரவரியில் அரசு அங்கே உண்டியல் வைத்தது. ஒன்றரை ஆண்டுக்குச் சற்று மேல் ஆனபோது அதில் சேர்ந்தது 25 இலட்சத்தைத் தாண்டிற்று. தீட்சிதர்கள் வெளுத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. எண்ணாத பணத்துக்கு அளவே தெரியாது என்பதைச் சொல்கிறேன். 2014 சனவரியில் உச்சநீதிமன்றத் தீர்ப்பால் ஆளுகை மீண்டும் தீட்சிதர் கைக்குப் போயிற்று. “எல்லாக் கோயிலையும் இப்படியே விடுவியுங்கள்” என்று இன்று ஊர் ஊராக மேடை போடுகிறார்கள். எதிலிருந்து விடுதலை? தணிக்கையிலிருந்தா?

அரசு கையில் இருந்தால் என்ன கண்டீர் என்பார்கள். கண்டதைச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் 21 கோயில்களில் பயன்படாது கிடந்த காணிக்கை நகைகளை உருக்கி, 1,074 கிலோ தங்கக் கட்டியாக்கி வங்கியில் வைத்ததில் ஆண்டுக்கு 17 கோடியே 81 இலட்சம் வட்டி வருகிறது என்று 2025-இல் சட்டமன்றத்தில் எண் வைத்துச் சொன்னார்கள். பொய்யானால் எதிர்க்கட்சி எழுந்து கேட்கலாம். ஏட்டை வாங்கிப் பார்க்கலாம். நெடுஞ்சாலைக் கோயில்காரரிடம் அப்படி யார் எழுந்து கேட்பது?

ஆனால், தோழர்களே, நெஞ்சில் கை வைத்துப் பேசுவோம். அரசின் கை பட்டதெல்லாம் தூய்மை என்று நான் சாதிக்க வரவில்லை. 2021 சூன் 7-இல் சென்னை உயர்நீதிமன்றம் 75 கட்டளைகள் பிறப்பித்து, சிலைப் பாதுகாப்பிலும் நிலத்திலும் தணிக்கையிலும் அறநிலையத்துறை எவ்வளவு பின்தங்கிற்று என்பதை எடுத்துக் காட்டியது. சபரிமலையில் அரசு அமைத்த தேவஸ்வம் வாரியமே இருந்தது. இருந்தும் தங்கத் தகடு வேய்ந்த பலகைகள் 2019-இல் ஏட்டில் ‘செம்பு’ என்று எழுதப்பட்டு வெளியே போயின என்ற குற்றச்சாட்டை 2025-இல் கேரள உயர்நீதிமன்றம் அமைத்த புலனாய்வுக் குழு துருவியது. வாரியத்தின் முன்னாள் தலைவர்களே கைதாயினர். தங்கம் செம்பாவதற்கு இரசவாதம் தேவையில்லை, எழுத்தன் பேனா போதும்.

இனிச் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கும். சேலம், நாமக்கல் மாவட்டங்களில் அறங்காவலர் குழுவில் இடம் கேட்டு வரும் நம்மவர் எத்தனை பேர்! கொள்கை மேடையில் பெரியார் படம், குடமுழுக்குச் சுவரொட்டியில் கைகூப்பிய தம் படம். போகட்டும், ஊரோடு ஒத்து வாழ்வதைக் குறை கூறேன். ஆனால் அந்தத் திருப்பணிக் குழுவின் வரவு செலவு எங்கே தோழரே? நெடுஞ்சாலைக் கோயில் திறப்புக்கு நீங்கள் மாலை வாங்கப் போனீர்களே, அந்த அறக்கட்டளைப் பத்திரத்தை ஒருமுறை படித்தீர்களா? நம் கழகத்தானுடைய கோயில் என்பதால் வட்டாட்சியர் கண்ணை மூடிக்கொண்டால், நாளை எதிரணியானுடைய மடத்தைப் பார்த்து எந்த வாயால் கணக்குக் கேட்பது? ஆளுங்கட்சியானாலும் எதிர்க்கட்சியானாலும் தேர்தல் நேரத்தில் அத்தகைய பணம் நம் வாசலுக்கும் வரும் என்பதை அறியாதாரா நீங்கள்?

ஆகவே மாவட்டக் கூட்டங்களில் பேச இரண்டு செய்திகளை முன்வைக்கிறேன். பொதுமக்களிடம் காணிக்கை வாங்கும் எந்த அறக்கட்டளையும், தனியார் கோயிலோ, செபக்கூடமோ, ஆசிரமமோ, வெளியார் முன்னிலையில் எண்ணி, ஆண்டுக் கணக்கை வாசற்சுவரில் ஒட்ட வேண்டும் என்று சட்டம் கேட்போம். முகமறியாக் காணிக்கைக்கு உள்ள விலக்கைச் சிறு தொகையோடு நிறுத்தும்படி ஒன்றிய அரசை நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் வலியுறுத்தட்டும். பத்து ரூபாய்த் தாய்க்கு அதனால் ஒரு கேடும் இல்லை. அறநிலையத்துறையின் கீழுள்ள நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட நிறுவனங்களில் ஏறத்தாழ 34,000 ஆண்டுக்குப் பத்தாயிரம் ரூபாய் வருவாயும் காணாதவை. விளக்குக்கு எண்ணெய் இல்லாத அந்தக் கோயில்களை யாரும் வெளுப்புத் துறையாக்க முடியாது; அவற்றை அலைக்கழிக்கவும் வேண்டாம்.

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லாத வேலையும் ஒன்று உண்டு. திருவிழாக் குழுக்களில் உள்ள தோழர்கள், ரசீதுப் புத்தகங்களின் அடிக்கட்டைகளையும் செலவுச் சீட்டுகளையும் கட்டி, விழா முடிந்த பத்தாம் நாள் ஊர்ச் சாவடியில் வையுங்கள். முதல் கணக்கு நம்மவர் கணக்காக இருக்கட்டும்.