வாடகையைக் கேட்கறதுக்கு முன்னாடி காலண்டரைப் பாருங்க

ஹாஸ்டலை விட்டு நாங்க நாலு பேர் அடி அண்ணாமலையில வீடு பிடிச்சோம். வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, நெட் கிடைக்குமா, எல்லாம் கேட்டோம். சாமான் ஏத்தின அன்னிக்குப் பௌர்ணமி! கிரிவலப் பாதையில வண்டியை விடல. கட்டில், மெத்தையோட குட்டியானை பாதி வழியிலேயே நின்னுடுச்சு. டிரைவருக்கு ரெண்டு மடங்கு வாடகை தண்டம்.

தப்பு எங்க மேலதான். மலையைச் சுத்தி 14 கிலோமீட்டர் பாதை. அடி அண்ணாமலை அந்தப் பாதையிலேயே இருக்கு. பௌர்ணமிக்கு லட்சக்கணக்கான பேர் நடப்பாங்க. கார்த்திகை தீபத்துக்குக் கேட்கவே வேணாம். டீக்கடை அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பார்.

பெட்டி கட்டுறது மட்டும் தயாரிப்பு இல்லைங்க. போற ஊர் எப்படி இயங்குதுன்னு தெரிஞ்சுக்கறதுதான் முக்கால்வாசி வேலை. சாதாரண நாள் ஒண்ணு, கூட்ட நாள் ஒண்ணுன்னு ரெண்டு தடவை போய்ப் பாருங்க. தண்ணி எப்ப வரும், கடைசி பஸ் எத்தனை மணிக்குன்னு பக்கத்து வீட்டு அக்காகிட்ட கேளுங்க. குடிபோற அன்னிக்கே கரண்ட் மீட்டரை போட்டோ எடுத்து வைங்க. பில் ரெண்டு மாசத்துக்கு ஒருமுறை. முன்னாடி இருந்தவங்க ஓட்டின யூனிட் நம்ம தலையில விழக்கூடாது.

நாளைக்கு வேலைக்காக பெங்களூரு, புனேன்னு போனாலும் இதே கதைதான்.

அன்னிக்கு மெத்தையைத் தலையில வெச்சுக்கிட்டு நாங்களும் கூட்டத்தோட நடந்தோம். புண்ணியம் கிடைச்சுதான்னு தெரியாது. கழுத்து வலி கிடைச்சுது!