அந்தரங்க சுத்தியான ஆராதனை

“ஆராதனை என்பது எங்களுக்குக் கோயிலோடு முடிந்துவிடுவதல்ல, கண் விழித்தது முதல் கண் மூடும் வரை வாழ்க்கை முழுவதுமே ஆராதனைதான்” என்பதாக ஒரு கிறிஸ்தவத் தோழர் நம்மிடம் வெகு நேரம் வாதாடினார். விடியற்காலையில் ஜெபம், உண்ணுமுன் ஜெபம், இரவில் பெண்டு பிள்ளைகளோடு ஜெபமாலை, ஞாயிறுதோறும் பூசை, தவக்காலத்தில் நாற்பது நாள் ஒறுத்தல் என்று கணக்கும் சொன்னார்.

அவரை வேஷக்காரர் என்று நாம் சொல்ல வரவில்லை. உண்மையாகவே செய்கிறார். போலிப் பக்தியைக் கண்டிக்க நாம் வேண்டியதுமில்லை. பாதிரிமார்களே பிரசங்கத்துக்குப் பிரசங்கம் கண்டித்து வருகிறார்கள். நமது கேள்வி வேறு. உண்மையான பக்தியால், அதுவும் தினசரிப் பக்தியால், மனிதனிடம் மனிதன் நடந்துகொள்ளும் முறையில் என்ன மாறுதல் ஏற்பட்டது?

திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளம் சங்கதியைப் பாருங்கள். 1872-இல் எழுந்த அவ்வூர்க் கத்தோலிக்கக் கோயில் ஒரு கால்சட்டை மாதிரி. இரண்டு கால்களும் பீடத்தண்டை போய்ச் சேரும். ஒரு காலில் வெள்ளாளர் முதலானோர், மறு காலில் நாடார்கள், நடுவில் சுவர். இரு சாராருக்கும் பூசை செய்கிற சாமியார் தெரிவார். ஒருவரையொருவர் பார்க்க மாத்திரம் முடியாது. கடவுளைத் தகப்பன் என்றுதான் இரு பக்கத்தாரும் கூப்பிட்டார்கள். ஒரு தகப்பன் பிள்ளைகளுக்கு நடுவே சுவர் எதற்கு என்று அந்த மேல்ஜாதிப் பக்தர்களைக் கேட்க வைக்க 38 வருஷத்து ஜெபத்தால் ஆகவில்லை.

1910-இல் சுவர் இடிக்கப்பட்டது. இடிபட்டதும் பக்தர்கள் கோர்ட்டுக்கு ஓடினார்கள். கோயில் தங்கள் முன்னோருடையது, நாடார்களோடு கலந்து தொழ முடியாது என்பது வழக்கு. சென்னை ஐகோர்ட்டு வரை போய்த் தோற்றார்கள். கிறிஸ்தவனான பின் ஜாதிப் பாத்தியதை ஏது என்று சொல்ல நீதிபதிகள் வேண்டியிருந்தது!

சுவரை இடிக்கச் செய்த பாதிரிமாரும் ஜெபிக்கிறவர்கள்தானே என்று கேட்பார்கள். வாஸ்தவம். இடித்தவரும் ஜெபித்தார், எதிர்த்து வழக்காடினவரும் ஜெபித்தார். இருவருக்கும் பொதுவான ஒன்றுக்கு ஒரு தரப்பின் பெருமையை மாத்திரம் எப்படிக் கொடுப்பது? இடித்தது கடப்பாறை, திரும்பக் கட்டவிடாமல் காத்தது தீர்ப்பு.

இதைப் படித்துப் புராட்டஸ்டண்டுத் தோழர்கள் சந்தோஷப்பட வேண்டாம். ஜாதியை உடனே விட்டொழிக்க வேண்டும் என்று கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833-இல் சபைகளுக்கு எழுதினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டார்கள், ஜாதியை விடவில்லை.

பழங்கதை என்று தள்ளவும் வழியில்லை. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களைப் பிரிக்கவும் சுவர் எழுப்பி வைத்திருந்தார்கள். உயிர்த்தெழும் நாளில் எந்தப் பக்கமாக எழுந்திருப்பதோ! விழுப்புரம் பக்கத்து எறையூரில் தாழ்த்தப்பட்ட கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதில் மூண்ட கலகம் 2008 மார்ச்சில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் முடிந்து, இருவர் மாண்டார்கள். அது தவக்காலம் என்பதைத் தோழர் கவனிக்க வேண்டும். 2016-இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர்கள் பேரவையே, திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று தன் கொள்கை அறிக்கையில் ஒப்புக்கொண்டது. தாழ்த்தப்பட்ட வகுப்பாரிலிருந்து முதல் கர்தினால் வந்தது 2022-இல்.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த தோழர், “ஊரில் யாரோ செய்ததற்கு என் ஜெபம் என்ன செய்யும்?” என்றார். நியாயந்தான். ஆகையால் ஊர்ச் சங்கதியை விட்டு, அவர் வீட்டுச் சங்கதிக்கு வந்தோம். மகளுக்கு வரன் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். பத்திரிகை விளம்பரங்களில் ‘ஆர்.சி.’ என்பதற்குப் பக்கத்திலேயே ஜாதிப் பெயரையும் போடுகிறார்களே, உங்கள் விளம்பரம் எப்படி என்று கேட்டோம். சாயங்கால ஜெபத்துக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போய்விட்டார்.