நவம்பரில் பிறந்தது அவள் குற்றமா?

கட்-ஆஃப் என்ற வார்த்தையைக் கேட்டாலே நம்மில் பலருக்கு வயிற்றைக் கலக்கும். ப்ளஸ் டூ ரிசல்ட், அரை மார்க்கில் கைநழுவிய சீட், எதிர்வீட்டு மாமியின் துக்க விசாரிப்பு என்று எல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வரும். இன்றைக்கு நான் எழுதப்போவது வேறு ஒரு கட்-ஆஃப் பற்றி. இதில் மார்க் கிடையாது. ராத்திரி கண்விழித்துப் படித்தாலும் தாண்ட முடியாது. ஏனென்றால் இது பிறந்த தேதிக்கான கட்-ஆஃப்.

விஷயம் நடப்பது அமெரிக்காவில், கால்பந்தில். (அங்கே சாக்கர் என்றால்தான் புரியும்.) எனக்கும் கால்பந்துக்கும் ரொம்ப தூரம். பி.காம் படிக்கிற ஜீவனுக்கு பாலன்ஸ் ஷீட் டேலி ஆனாலே கோல் போட்ட மாதிரிதான். ஆனால் என் பெரியம்மா மகள், அதாவது அக்கா, நியூஜெர்சியில் இருக்கிறார். அவருடைய பெண் ஆறு வயதிலிருந்து கால்பந்து ஆடுகிறாள். என்னைவிட நாலு வயதுதான் சின்னவள், ஆனாலும் முறை தவறாமல் நாலு பேர் முன்னால் "சித்தி" என்று கூப்பிட்டு என் மானத்தை வாங்குவாள். அவள் பிறந்தது 2008 நவம்பர். இந்தக் கதையில் அந்த நவம்பர்தான் வில்லன்.

முதலில் கொஞ்சம் முன்கதை. அமெரிக்காவில் சிறுவர் கால்பந்து அணிகளை வயதுவாரியாகப் பிரிப்பார்கள். ரொம்ப நாளாக அங்கே ஆகஸ்ட் 1 முதல் ஜூலை 31 வரை ஒரு பிரிவு என்று இருந்தது. பள்ளிக்கூட ஆண்டை ஒட்டிய கணக்கு. 2015ல் யு.எஸ். சாக்கர் ஃபெடரேஷன் இதை மாற்றியது. இனிமேல் பிறந்த வருடம்தான் கணக்கு, ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை பிறந்தவர்கள் ஒரே பிரிவு, 2017க்குள் எல்லோரும் இதற்கு மாறிவிட வேண்டும் என்று அறிவித்தது. உலகம் முழுக்க கால்பந்தில் அதுதான் வழக்கம், நாமும் அப்படியே இருந்தால் தேசிய அணிக்கு ஆள் பொறுக்குவது சுலபம் என்பது ஒரு முக்கியமான காரணம்.

கேட்க நியாயமாகத்தானே இருக்கிறது? ஆனால் பள்ளிக்கூடம் பிறந்த வருடத்தைப் பார்ப்பதில்லை. அங்கே மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறினாலும், பெரும்பாலும் செப்டம்பர் 1ஐ ஒட்டித்தான் கோடு போடுகிறார்கள். அதற்குள் ஐந்து வயது முடிந்திருந்தால் சேர்ப்பார்கள். இல்லையென்றால் அடுத்த வருடம் வா! ஆக, 2008 ஜனவரியிலிருந்து ஆகஸ்ட் வரை பிறந்த குழந்தைகள் ஒரு வகுப்பு, அதே 2008ன் கடைசி மாதங்களில் பிறந்தவர்கள் அதற்குக் கீழ் வகுப்பு. மைதானத்தில் மட்டும் எல்லோரும் ஒரே அணி.

இப்படி மாட்டிக்கொள்கிற பிள்ளைகளுக்கு அங்கே ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். "ட்ராப்டு ப்ளேயர்". பொறியில் சிக்கிய எலி மாதிரி.

எங்கள் வீட்டு எலி முதலில் சிக்கியது 2022ல். அவள் எட்டாம் வகுப்பு. கூட ஆடும் பெண்களில் முக்கால்வாசிப் பேர் ஒன்பதாம் வகுப்பு, அதாவது ஹைஸ்கூல். நியூஜெர்சியில் ஹைஸ்கூல் கால்பந்து செப்டம்பரில் ஆரம்பித்து நவம்பர் வரை நடக்கும். அந்த மூன்று மாதமும் அந்த வயது கிளப் அணிகள் பொதுவாக ஓய்வெடுக்கும். தோழிகள் எல்லாம் பள்ளிக்கூட அணிக்குப் போய்விட்டார்கள். இவள் ஹைஸ்கூலே இல்லை, எந்த அணியில் ஆடுவாள்? அந்த சீசன் முழுக்க வீட்டுப் பின்புறம் சுவரில் பந்து உதைத்துக்கொண்டிருந்தாள் என்று அக்கா சொன்னார். வருடத்துக்கு ஆயிரக்கணக்கான டாலர் ஃபீஸ் கட்டி, கடைசியில் சுவரோடு மேட்ச்!

அதையாவது மூன்று மாதக் கஷ்டம் என்று விட்டுவிடலாம். உண்மையான அடி கல்லூரித் தேர்வில்தான் விழுகிறது.

கல்லூரிப் பயிற்சியாளர்கள் பிறந்த வருடத்தை வைத்து ஆள் தேடுவதில்லை. அவர்கள் கேட்பது ஒரே கேள்வி: எந்த வருடம் பள்ளி முடிக்கிறாய்? "2026 வகுப்பு", "2027 வகுப்பு" என்றுதான் பேசுவார்கள். என்.சி.ஏ.ஏ. முதல் டிவிஷனில், கால்பந்துப் பயிற்சியாளர்கள் ஒரு மாணவியிடம் சேர்க்கை பற்றிப் பேச ஆரம்பிக்கலாம் என்கிற தேதியே பத்தாம் வகுப்பு முடிந்து வரும் ஜூன் 15. அந்தத் தேதிக்கு முன்பே வந்து பார்த்து, பட்டியல் போட்டு வைத்திருப்பார்கள். பார்க்கும் இடம் பெரிய டோர்னமெண்டுகள். அங்கே ஒரே நேரத்தில் பத்துப் பன்னிரண்டு மைதானங்களில் ஆட்டம் நடக்கும். எல்லாம் வயதுப் பிரிவுப்படி.

இப்போது கணக்கைப் பாருங்கள். இவள் 2027ல் பள்ளி முடிக்கிற வகுப்பு. 2024-25ல் பத்தாம் வகுப்பு, அதாவது அவளுக்கு முக்கியமான வருடம். 2027 வகுப்புக்கு ஆள் தேடும் பயிற்சியாளர் எந்த மைதானத்துக்குப் போவார்? 2009ல் பிறந்தவர்கள் ஆடும் மைதானத்துக்கு. அங்கேதான் பெரும்பாலோர் 2027 வகுப்பு. இவளோ பக்கத்து மைதானத்தில், 2008 அணியில், தன்னைவிட ஒரு வகுப்பு மூத்தவர்களோடு ஆடிக்கொண்டிருக்கிறாள். அந்தப் பெண்களில் சிலர் ஏற்கெனவே கல்லூரி முடிவு செய்துவிட்டார்கள். நல்ல சரக்குதான், ஆனால் வாங்க வருகிறவர் வேறு கடைக்குப் போய்விடுகிறார். இவள் பயிற்சியாளர்களுக்கு மெயில் அனுப்பி "நான் 2008 அணியில் இருந்தாலும் 2027 வகுப்பு, தயவுசெய்து இந்த மைதானத்துக்கு வாருங்கள்" என்று ஒவ்வொருவருக்கும் விளக்க வேண்டியிருந்தது.

"மூத்தவர்களோடு ஆடினால் நல்லதுதானே, திறமை கூடுமே" என்று ஒரு வாதம் உண்டு. ஓரளவு உண்மை. தாக்குப்பிடித்தவர்களுக்கு அது நல்லதாக முடியலாம். ஆனால் தாக்குப்பிடிக்காமல் பன்னிரண்டு வயதிலேயே பூட்ஸைக் கழற்றி வைத்தவர்களை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. நஷ்டமாகி மூடிய கடைகளை விட்டுவிட்டு, நடக்கிற கடைகளை மட்டும் எண்ணி "வியாபாரம் ஓஹோ" என்று சொல்வது மாதிரி.

இதில் பணமும் இருக்கிறது. 2025 வரை முதல் டிவிஷன் கல்லூரி ஒன்று பெண்கள் கால்பந்துக்கு மொத்தம் 14 முழு உதவித்தொகைதான் தரலாம், ஆண்களுக்கு 9.9. (அந்த .9 யார் என்று கேட்காதீர்கள், பிரித்துப் பிரித்துக் கொடுப்பார்கள்.) 2025 ஜூனில் வந்த கோர்ட் சமரசத்துக்குப் பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு அந்த வரம்பு இல்லை. அதற்குப் பதில் அணியில் 28 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. ஹைஸ்கூலில் ஆடுகிறவர்களில் என்.சி.ஏ.ஏ. கல்லூரி அணிவரை போகிறவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. இவ்வளவு குறுகலான வாசலில், உள்ளே விடுகிறவர் கண்ணில் படுவதே பாதி வேலை.

சரி, இப்போது நல்ல செய்தி. 2024 நவம்பரில் ஃபெடரேஷன், வயதுப் பிரிவை எப்படி வைத்துக்கொள்வது என்பதை உறுப்பு அமைப்புகளே முடிவு செய்யலாம் என்று விட்டுவிட்டது. 2025ல் யு.எஸ். யூத் சாக்கர், யு.எஸ். கிளப் சாக்கர், ஏ.ஒய்.எஸ்.ஓ. மூன்றும் சேர்ந்து முதலில் செப்டம்பர் 1 என்று சொல்லி, பிறகு மனம் மாறி ஆகஸ்ட் 1 முதல் ஜூலை 31 என்று அறிவித்தன. 2026-27 சீசனிலிருந்து அமல். சுற்றிச் சுற்றி சுப்பர் கொல்லைக்கே வந்துவிட்டார்கள்!

அக்கா பெண்ணுக்கு இது கடைசி வருடத்திலாவது தன் வகுப்புப் பெண்களோடு ஆடும் வாய்ப்பு. வீட்டில் சந்தோஷம். ஆனால் ஃபோனில் அக்கா இன்னொன்றும் சொன்னார். அதைக் கேட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

இவளுக்கு ஒரு தம்பி இருக்கிறான். அவனும் ஆடுகிறான். பிறந்தது 2012 ஜூலைக் கடைசி வாரம். இதுவரை அவன் தன் அணியில் நடுவாந்திரம். புதுக் கோட்டின்படி அவன் பிரிவு 2011 ஆகஸ்டிலிருந்து 2012 ஜூலை வரை. அதாவது இனிமேல் அணியிலேயே அவன்தான் கடைக்குட்டி. அவனைவிட பத்து, பதினொரு மாதம் மூத்த பையன்கள், மீசை அரும்ப ஆரம்பித்தவர்கள், அவன் இடத்துக்குப் போட்டிக்கு வருகிறார்கள். அக்காவோ நவம்பரில் பிறந்ததால் அணியின் சின்னவளாக இருந்து ஒரே நாளில் மூத்தவர்களில் ஒருத்தி ஆகிவிட்டாள். ஒரே வீடு, ஒரே விதி. ஒருத்திக்கு வரவு, ஒருவனுக்குப் பற்று.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. 1985லேயே ரோஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியல் அறிஞரும் உடன் ஆய்வு செய்தவர்களும் கனடா ஐஸ் ஹாக்கியில் இதைக் கவனித்து எழுதினார்கள். ஜனவரி 1 கட்-ஆஃப் இருந்த அங்கே, மேல்மட்ட ஜூனியர் அணிகளில் ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சில் பிறந்தவர்கள் குவிந்திருந்தார்கள். மால்கம் கிளாட்வெல் 2008ல் எழுதிய 'அவுட்லையர்ஸ்' புத்தகத்தால் இது உலகம் முழுக்கத் தெரிந்தது. பெல்ஜியம் கதை இன்னும் தெளிவு. அங்கே 1997ல் கால்பந்துக் கட்-ஆஃபை ஆகஸ்டிலிருந்து ஜனவரிக்கு மாற்றினார்கள். 2000ல் வெர்னர் ஹெல்சனும் மற்றவர்களும் வெளியிட்ட ஆய்வில், ஆகஸ்டில் பிறந்த சிறுவர்களுக்கு இருந்த அனுகூலம் அப்படியே ஜனவரிப் பிள்ளைகளுக்கு இடம் மாறியிருந்தது. கோட்டை நகர்த்தினால் அநியாயம் ஒழிவதில்லை, வீடு மாறுகிறது.

அப்படியானால் இந்த மாற்றமே வேண்டாமா? வேண்டும் என்பதுதான் என் கட்சி. இங்கே இரண்டு பிரச்சினைகளைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

ஒன்று, இரண்டு காலண்டர் மோதுவது. எங்கள் பாடத்தில் இது உண்டு. தாய்க் கம்பெனி கணக்கை மார்ச்சில் முடிக்கிறது, துணைக் கம்பெனி டிசம்பரில் முடிக்கிறது என்றால், இரண்டையும் அப்படியே கூட்டிவிட முடியாது. கணக்கியல் தரநிலை 21 இடைவெளி ஆறு மாதத்துக்கு மேல் போகக் கூடாது என்கிறது, நடுவில் நடந்த முக்கியமான விஷயங்களுக்குச் சரிக்கட்டச் சொல்கிறது. கிளப் ஒரு காலண்டர், கல்லூரி ஒரு காலண்டர் என்று வைத்துக்கொண்டு, சரிக்கட்டும் வேலையைப் பதினைந்து வயதுப் பெண்ணின் தலையில் கட்டியதுதான் 2017க்குப் பிறகு நடந்த தப்பு. தேசிய அணிக்குப் போகிற சில நூறு பேருக்காக லட்சக்கணக்கான பிள்ளைகளின் காலண்டரைத் திருப்பினார்கள். அதைத் திரும்பச் சரிசெய்தது நல்லதே.

இரண்டாவது, எந்தக் கோடு போட்டாலும் யாரோ ஒருவர் கடைக்குட்டி. இது கோட்டை நகர்த்தித் தீராது. பார்க்கிறவர் கண்ணைத்தான் மாற்ற வேண்டும். அதற்கு வழி இல்லாமல் இல்லை. இங்கிலாந்து பிரீமியர் லீக் அகாடமிகள் பிறந்த தேதிக்குப் பதில் உடல் வளர்ச்சியை வைத்துப் பிரித்து ஆடவைத்துப் பார்த்திருக்கின்றன. பெல்ஜியம், தாமதமாக வளரும் பையன்களுக்கென்றே தனி இளைஞர் அணி வைத்திருக்கிறது.

எனக்கு ரொம்பப் பிடித்தது 2017ல் வெளியான நெதர்லாந்து ஆராய்ச்சி ஒன்று. ஆள் தேடுகிற நிபுணர்களிடம் பையன்களின் பிறந்த தேதிப் பட்டியலைக் கையில் கொடுத்து ஆட்டத்தைப் பார்க்கச் சொன்னார்கள். பிரயோஜனமில்லை, அப்போதும் மூத்தவர்கள் பக்கமே சாய்ந்தார்கள். பிறகு சட்டை எண்களையே வயது வரிசைப்படி கொடுத்து, அதை நிபுணர்களிடம் சொல்லிவிட்டார்கள். எண்ணைப் பார்த்தாலே யார் மூத்தவன், யார் இளையவன் என்று தெரியும். அந்தச் சாய்வு மறைந்துவிட்டது! ஆண்டறிக்கையின் கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்துக் குறிப்பை யாரும் படிப்பதில்லை, முதல் பக்கத்தில் பெரிதாகப் போட்டால் படிப்பார்கள். அவ்வளவுதான் விஷயம். செலவு? சட்டையில் எப்படியும் ஒரு எண் அச்சடிக்கத்தான் போகிறார்கள்.

கல்லூரிகளுக்கு ஆள் தேடும் டோர்னமெண்டுகளில் இதைச் செய்து பார்க்கலாமே. காலண்டரை மாற்ற இத்தனை வருடம் கூட்டம் போட்டவர்களுக்கு, சட்டை எண்ணை மாற்ற ஒரு கூட்டம் போதாதா?

போன வாரம் அக்கா பெண்ணிடம் பேசினேன். "உனக்கு ஜாலிதானே இப்போ?" என்றேன். "எனக்கு ஓகே சித்தி. ஆனா தம்பி நேத்துலேர்ந்து கதவு நிலையில பென்சிலால கோடு போட்டு உயரம் அளந்துக்கிட்டிருக்கான்" என்றாள். அவனுக்கு நான் என்ன சொல்வது என்று தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.