மௌனத்தை மரணம் என்று எழுதும் நிரல்கள்

முப்பது விநாடி பதில் வராவிட்டால் அந்த சர்வர் செத்துவிட்டது என்று நிரல் எழுதுகிறவர்களும், அதை ஒப்புக்கொள்ளும் மேலாளர்களும் நம் நிறுவனங்களில் ஏராளம். இந்த நம்பிக்கை தவறு. முப்பதை அறுபதாக்கினாலும் தவறுதான்.

ஓர் உதாரணம். போடிமெட்டு மலைக்கு இந்தப் பக்கம் போடிநாயக்கனூர். அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டத்துப் புத்தடி. இரண்டிலும் ஸ்பைசஸ் போர்டின் ஏலக்காய் ஏல மையங்கள் உண்டு. 2021-இல் வந்த கிளவுட் வழி மின்னணு ஏல முறையில் இரு மையத்து வியாபாரிகளும் ஒரே லாட்டுக்கு ஒரே நேரத்தில் விலை கேட்கலாம். புத்தடியிலிருந்து விலை வருவது சட்டென்று நின்றுவிட்டதாக வைத்துக்கொள்வோம். அங்கே கணினி நின்றதா, மழையில் கேபிள் அறுந்ததா, யாரோ கேட்ட கூடுதல் விலை வழியில் ஊர்ந்துகொண்டிருக்கிறதா? காத்திருக்கும் சர்வருக்கு மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். புத்தடி போய்விட்டது என்று லாட்டை முடித்த மறுநொடி அந்த விலை வந்து நிற்கலாம். நட்டம் ஏலத்தோட்ட விவசாயிக்கு.

1985-இல் கணினி அறிவியலாளர்கள் ஃபிஷர், லிஞ்ச், பேட்டர்சன் மூவரும் இந்தச் சிக்கலின் ஆழத்தைக் கணிதமாகவே நிறுவினார்கள். செய்தி வந்துசேரக் காலவரம்பு இல்லாத அமைப்பில் ஒரே ஒரு கணினி நின்றுபோகும் வாய்ப்பிருந்தாலும் போதும்; மற்றவை ஒருமித்த முடிவை எட்டியே தீரும் என்று உறுதிதரும் நிர்ணயமான வழிமுறை கிடையாது.

ஏட்டுச் சுரைக்காய் என்று இதைத் தள்ளுகிறவர்கள் கிட்ஹப் நிறுவனத்தைப் பார்க்கட்டும். 2018 அக்டோபர் 21 அன்று அதன் அமெரிக்கக் கிழக்குக் கரைத் தரவு மையத்தின் தொடர்பு அறுந்தது 43 விநாடி. அதற்குள் தானியங்கி மென்பொருள் மேற்குக் கரைத் தரவுத்தளங்களுக்குத் தலைமையை மாற்றிவிட்டது. கிழக்கு சாகவில்லை. அது ஏற்றிருந்த சில பதிவுகள் மேற்குக்குப் போய்ச் சேரவுமில்லை. இரண்டையும் ஒப்பிட்டுச் சேவையைச் சீராக்க 24 மணி 11 நிமிடம் பிடித்தது.

இத்தனை விநாடிதான் காத்திருப்பது என்ற டைம் அவுட்டையே எறியச் சொல்லவில்லை. அது தருவது சந்தேகம். தீர்ப்பாக அதை எடுத்துக்கொள்வதைத்தான் எதிர்க்கிறேன். கணினி அறிவியலாளர்கள் சந்திராவும் டூவெக்கும் 1996-இல் காட்டிய வழி இருக்கிறது: சந்தேகம் தவறலாம், திரும்பப் பெறலாம். பாதிக்கு மேற்பட்ட கணினிகள் இயங்கி, நலமாயுள்ள ஒன்றையாவது கடைசியில் யாரும் சந்தேகிக்காத நிலை வந்தால் முடிவை எட்டிவிடலாம்.

ஏலத்துக்கும் அப்படியே நிரல் எழுதலாம். புத்தடியைச் சந்தேகப் பட்டியலில் வைத்து, லாட்டை நிறுத்திவைத்து, தொடர்பு திரும்பியதும் பெயரை நீக்கி விட்ட இடத்திலிருந்து தொடரலாம். திரும்பவே இல்லையென்றால் மறு ஏலமா, விற்பனையா என்பதை ஏலம் நடத்துபவர் முடிவு செய்யட்டும்.