பொன்னாடையும் போர்வையும்

கம்பம் பள்ளத்தாக்கில் இக்காலை எவ்விழாவுக்குச் சென்றாலும் முதல் அரைமணி நேரம் பொன்னாடை போர்த்துவதிலேயே கழிகின்றது. தலைவர்க்கு ஒன்று, முன்னிலையார்க்கு ஒன்று, ஒலிபெருக்கி அமைத்தவர்க்கும் ஒன்று! சால்வை என்பது பாரசீகச் சொல் என்று அதனைத் தள்ளிப் பொன்னாடை என்றோம். சொல்லை மாற்றினோம், துணியை அப்படியே விட்டுவிட்டோம். அதுவோ செயற்கை இழையால் விசைத்தறியில் ஓடியது. வியர்வையை உறிஞ்சாது, குளிரையும் தடுக்காது, இருமுறை துவைத்தால் மினுக்கு உதிரும். வீடு சேர்ந்ததும் பெட்டிக்குள் அடங்கி, அடுத்த விழாவில் வேறொருவர் தோளில் ஏறும். எம் வீட்டுப் பெட்டியிலும் சில உறங்குகின்றன.

ஆடை போர்த்திப் பெருமைப்படுத்தும் வழக்கத்தை யாம் இகழவில்லை. அதன் பொருள் போய்விட்டதே என்பதுதான் வருத்தம். வடகிழக்கே நாகர் நிலத்தைப் பாருங்கள். ஆவோ நாகரிடையே சுங்கோத்தெப்சு என்றொரு போர்வை உண்டு. கருமையும் செம்மையுமான பட்டைகளின் நடுவே ஒரு வெண்பட்டை ஓடும். அதில் மிதுன் என்னும் மலைமாடு, யானை, புலி, சேவல், ஈட்டி, மாந்தத் தலை ஆகியன கருநிறத்தில் தீட்டப்பெறும். நெய்பவர் பெண்டிர். தறியின் ஒரு முனையை வாரால் தம் இடுப்பில் பிணித்து, உடலின் சாய்வாலேயே பாவை இழுத்து நிறுத்தி நெய்வர். உருத்தீட்டுதல் ஆடவர் பணி. போரில் பகைவர் தலை கொணர்ந்தவனோ, மிதுனை வீழ்த்தி ஊர்க்கு விருந்தளித்தவனோ அன்றிப் பிறர் அதனைப் போர்த்துதல் முற்காலத்தில் இயலாது. ஆகலின், போர்த்தவன் யார், அவன் என்ன செய்தான் என்பதைத் துணியைக் கண்ட அளவிலேயே ஊரார் அறிந்தனர். தலைகொய்தல் ஒழிந்தது, ஒழிந்ததே நன்று. போர்வை ஒழியவில்லை; இன்றும் அம்மக்களின் அடையாளமாய் விளங்குகின்றது. 2017-இல் சாகேசாங்கு நாகர்தம் போர்வை புவிசார் குறியீடும் பெற்றது.

அவ்வளவு தொலைவு போவானேன்? நம் நீலமலையில் தோடர் இருக்கின்றனர். தமிழோடு உடன்பிறந்த மொழி பேசும் அவர்கள், 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 2,000 பேரே. அவர்தம் பூத்துக்குளி ஒரு வெண்பருத்திப் போர்வை. அதன்மேல் செந்நூலும் கருநூலுங் கொண்டு பெண்டிர் பூவேலை செய்வர். முன்னர் வரைந்து கொள்வதில்லை. இழையை எண்ணி எண்ணியே ஊசி செல்லும். தறியிலேயே நெய்ததோ என்று காண்பார் மயங்குவர். விழாவுக்கும் அதுவே, இறந்தார் உடலைப் பொதிந்து வழியனுப்புவதற்கும் அதுவே. 2013-இல் இப்பூவேலைக்கும் புவிசார் குறியீடு கிட்டியது. இத்தனைக்கும் தோடர் நெய்வதில்லை; துணி கீழ்நாட்டினின்று செல்கின்றது. வெறுந்துணிக்குப் பொருளூட்டுவது அவர்தம் கை. நெய்யத் தெரிந்த நாமோ பொருளற்ற துணியைக் கட்டுக்கட்டாய் வாங்குகின்றோம்.

நமக்கு இம்மரபு புதிதன்று. நம் பள்ளத்தாக்கின் வடபால் நிற்கும் பழனிமலை, அன்று பொதினி எனப்பட்டது. அதனை ஆண்ட பேகன் மயிலுக்குப் போர்வை ஈந்ததைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். கசப்பான வரலாறும் ஒன்றுண்டு. மேற்குமலைக்கு அப்பால் பரந்திருந்த திருவிதாங்கூர் நாட்டில், தோளில் சீலை இடுதற்கே நம் பெண்டிர் நெடுங்காலம் போராட நேர்ந்தது. 1859-இலேதான் அரச ஆணை ஒருவாறு வழிவிட்டது. நாகர் போர்வை செயலால் வந்தது. திருவிதாங்கூர்த் தடையோ பிறப்பால் வந்தது. துணியில் என்ன இருக்கின்றது என்பார் இவ்விரண்டையும் சேர்த்து எண்ணட்டும்.

ஆண்டிபட்டியை அடுத்த சக்கம்பட்டியிலும் டி. சுப்புலாபுரத்திலும் பருத்திச் சேலை நெய்யுங் குடிகள் உண்டு. அங்கும் விசைத்தறியின் ஓசை மேலோங்கிவிட்டது. 1985-ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின்கீழ் முதலில் 22 வகைத் துணிகள் கைத்தறிக்கென ஒதுக்கப்பட்டன. பின்னர் அவை 11 ஆகச் சுருங்கின. அப் 11-லும் குறித்த சில துண்டுகளும் மேலாடைகளும் உள்ளன. சட்டம் ஒதுக்கியதை நாமே வாங்காவிடில் வேறு யார் வாங்குவர்?

நம் மன்றங்கள் ஒன்று செய்யலாம். ஒரு விழாவுக்கு ஒருவர்க்கே போர்த்துக. அதுவும் கைத்தறித் துண்டே ஆகுக. அதன் ஓரத்தில் பெறுபவர் பெயரும், அவர் செய்த செயலும், ஆண்டும் தமிழில் இடம்பெறுக. விலை கூடுமே என்பார்க்கு ஒரு சொல்: இருபது பொன்னாடைக்குக் கொட்டும் பணத்தை ஒரு துண்டுக்குக் கொடுத்துப் பாருங்கள். பெயர் பொறித்து நெய்ய நாட்கள் பல ஆகும். வரும் பொங்கல் விழாவுக்கு வேண்டுமாயின் இப்பொழுதே தறிக்காரரிடம் சொல்லிவைக்க வேண்டும்.